கண்ணாடிக் கடையின் ஓரப் பலகை

பிப்ரவரி 9, திங்கள்

பனி. எட்டு மணி வரை பஜார் தெருவில் எதிர்க்கடை தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கும்போது உள்ளங்கை விறைத்தது. கிரீஸ் போட வேண்டும். போன மாதமும் இதையே எழுதி வைத்திருக்கிறேன்.

வேலை: காதணி விழா பேனர். தாய்மாமன் வகையறா மொத்தமும் படத்தில் வேண்டுமாம். காது குத்தப்போகிற குழந்தைக்கு ஒரு மூலை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று. இறந்தவர் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறார். வேறு படமே இல்லையாம். சரி, சிரித்துக்கொண்டே போகட்டும்.

பனி விலகினதும் எதிரே கண்ணாடிக் கடை. சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் பழைய தேக்கு தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, அழகு.

கண்ணாடிக் கடை என்பது ஊர் வைத்த பெயர். விற்றது மளிகை. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வீட்டு மூத்தவர் ஒருவர் மெட்ராஸ் போய், ஏதோ ஒரு துரையின் கடை முகப்பைப் பார்த்து மயங்கி, திரும்பி வந்து நம்மூர் ஆசாரியிடம் வாயாலேயே சொல்லிச் செய்ய வைத்தாராம். ஆசாரி மெட்ராஸையே பார்த்ததில்லை. அதனால் தொந்தி மாதிரி முன்னால் தள்ளின இரண்டு கண்ணாடி ஜன்னல், சின்னச் சின்னக் கட்டம், மேலே விசிறி போல விரிந்த மரச்சட்டம், இதெல்லாம் துரை. அதைத் தாங்குகிற கிளியும் யாளியும் நம்மூர். வாசலுக்குப் பலகைக் கதவு. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, சாயந்திரம் ஒவ்வொன்றாகப் படியில் பள்ளமாக வெட்டின காடியில் சொருகுவது. இடது ஓரப் பலகை மட்டும் கழற்றுவதில்லை, நிரந்தரம்.

கடை மூடிப் பல வருஷம். இப்போது முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே காபிக் கடையும் பழைய சாமான்களைப் பார்வைக்கு வைக்கிற ஒரு அறையும். கல்வெட்டுக் கோயிலுக்கு வருகிற கூட்டம் இங்கேயும் வருமாம்.

மாலையில் பார்த்திபன் சார் வந்தார். அந்தக் கடையின் வாரிசு; சென்னையில் கட்டடம் கட்டிக் கொடுக்கிற தொழில். என் கடைக்கும் அவர்தான் ஓனர். மரியாதையான ஆள். சொந்தக் கட்டடத்திலேயே "உக்காரலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

"வாசல்ல வைக்க ஒரு போர்டு மேடம். மேட்டர் நானே எழுதிட்டேன். இருபத்திரண்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை திறப்பு."

அவர் போனதும் அடிக்க ஆரம்பித்தேன். பர்மா தேக்கு, சரி. கிளி, யாளி, சரி. கடைசியில் ஒரு வரி: 'இடது ஓரப் பலகையில் உள்ள துளை காற்றோட்டத்துக்காக அமைக்கப்பட்டது.'

கை நின்றுவிட்டது. அடிக்காமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும். பூனை மறுபடி பிரிண்டர் மேல்.

அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.

காற்றோட்டமாம். ஒரு சாண் சதுரத் துளை. இடுப்பு உயரம். உள்பக்கம் இழுத்து மூட ஒரு மர மூடி. கீழே வெளிப்பக்கம் ஒரு கருங்கல். எங்கள் காலனிக்காரர்கள் காசை அந்தக் கல்லில் வைத்துவிட்டு, குனிந்து துளைக்குள் கையை நீட்ட வேண்டும். உள்ளேயிருந்து உப்போ பருப்போ வரும். காசை எடுக்குமுன் தண்ணீர் தெளிப்பார்கள். முன் வாசலில் மற்றவர்கள். ஓரத்தில் நாங்கள். நான் பிறப்பதற்கு முன்னாலேயே நின்றுவிட்ட வழக்கம். ஆனால் காலனியில் எல்லாருக்கும் தெரியும். தெரியும், பேசமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கை நடுவிரல் நகம் அவளுக்கு இரண்டாகப் பிளந்துதான் வளரும். சின்ன வயதில் உரலில் மாட்டிக்கொண்டது. அந்த நகத்தால்தான் தண்டைக் கிள்ளுவாள்.

"காத்து வர்றதுக்கு ஓட்டையாம்மா அது. போர்டுல போடச் சொல்றாங்க."

நிமிரவே இல்லை. "போட்டுட்டுப் போறாங்க. ஒனக்கு இன்னா?"

"எனக்கு இன்னாவா? பொய்ம்மா."

"கண்ணீர் அஞ்சலில நீ அடிக்கறதெல்லாம் மெய்யா? குடிச்சிட்டுப் பொண்டாட்டிய அடிச்சவன பாசத்தின் சிகரம்னு அடிக்கல நீ?"

கீரைக் கடைசல் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

பார்த்திபன் சாரிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் இரண்டு டீ குடித்தேன். மே மாதம் கடை அக்ரிமென்ட் முடிகிறது. அதுவும் மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சார், அது காத்துக்கு இல்ல." அப்புறம் மீதியையும் சொன்னேன். நினைத்ததைவிடக் குறைவான வார்த்தைகளே போதுமாயிருந்தன.

அவர் முகம் வெளுத்துவிட்டது. நடிப்பு இல்லை. ஹாஸ்டலில் வளர்ந்தவர், ஊருக்கு லீவில் வந்து போனவர். "அப்பாதான் காத்தோட்டம்னு சொன்னார் மேடம். நான் அப்படியே எழுதிட்டேன்" என்றார்.

"யோசிக்கிறேன். நீங்க சொன்னது நல்லது" என்று போனார்.

நிம்மதி. அல்லது நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் காதில் விழுந்தது: "ஒரு காபி எத்தினி ரூபாய்க்கு விப்பானுங்கோ?" "வெல இன்னாத்துக்கு? அந்தக் கிளியப் பாத்துக்கினே குடிக்கணும்ல, அதுக்குச் சேத்து."

பிப்ரவரி 13, வெள்ளி

தச்சர் குமரேசன் வந்தார், விசிட்டிங் கார்டு அடிக்க. கண்ணாடிக் கடை வேலை முழுக்க அவர் கைதான். நல்ல கை. கார்டில் உளி படம் வேண்டுமாம். பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஓர பலகைல ஓட்டை ஒண்ணு கீதுல்லக்கா, அத்த செவ்வாக்கெயம அடைக்கச் சொல்லிட்டாரு. உள்ள பழைய தேக்குத் துண்டு கெடக்குது. ரேகைக்கு ரேகை சேத்து ஒட்டிட்டேன்னா ஓட்டை இருந்ததே தெரியாது."

ஆக யோசித்த யோசனை இதுதான். துளையும் வேண்டாம், வரியும் வேண்டாம். பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுவரைக்கும் யோக்கியம்.

கோபத்தோடு வீட்டுக்குப் போனேன். அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தது என் தப்பு.

"அடைக்கட்டும்" என்றாள். "நல்லதாச்சி."

"அம்மா!"

"இன்னா அம்மா? குனிஞ்சது நாங்க. நாங்க குனிஞ்ச எடத்த எண்ணெ போட்டுத் தொடச்சி ஊரு பூராவுக்கும் காட்டணுமா? காபி குடிக்க வர்றவன் பாத்துட்டு ஐயோ பாவம்னுட்டுப் போவான். அந்த ஐயோ பாவம் எனக்கு வாணாம்."

மறைக்கக் கூடாது, வரலாறு, அது இது என்று நான் ஏதோ பேசினேன். மேடைப் பேச்சு மாதிரி. அம்மா பேச விட்டாள். முடிந்ததும் வலது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இது ஒரல்ல மாட்னது இல்ல."

அவள் சொன்னது, முடிந்தவரை அவள் சொன்னபடியே:

"பத்து வயசு இருக்கும். நைனாவோட போனேன். உள்ள கலர் கலரா மிட்டாயி கீதுன்னு பசங்க சொல்லிக்கினு இருந்தாங்க. நடுவுல கல்லு, மூஞ்சி ஓட்டைகிட்ட எட்டல. காசு வைக்கற கல்லு மேல ஏறிட்டேன். ரெண்டு கையாலயும் ஓட்டயப் புடிச்சிக்கினு எட்டிப் பாக்கறேன். கண்ணாடி ஜாடி. செவப்பு, பச்ச. பாத்துக்கினே கீறேன், மூடிய இழுத்து உட்டாங்க. வெரலு நடுவுல. அப்பால தண்ணி கொண்டாந்து கல்லக் கய்வுனாங்க. ரத்தத்துக்கு இல்லடி. நான் ஏறுனதுக்கு."

"தாத்தா இன்னா பண்ணாரு?"

"கையக் கட்டிக்கினு நின்னாரு. கொயந்தை தெரியாம ஏறிடுச்சி, மன்னிச்சிக்கோங்கோன்னாரு. என் வெரலப் புடிச்சிக்கினே சொன்னாரு. வழி பூரா எங்கிட்ட பேசல. வூட்டுக்கு வந்து ஆயாகிட்ட ஒரல்ல மாட்டிக்கிச்சின்னாரு. அன்னிலேர்ந்து நானும் அதையேதான் சொல்றேன். எங்க நைனா மன்னிப்புக் கேட்டத நீ போர்டுல எழுதப் போறியா?"

இத்தனை வருஷம் அந்த விரலால் பிசைந்த சோற்றைத்தான் தின்றிருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் போனோம். புது ஆர்மோனியம். வாசிக்கிறவர் அதற்குப் பழகவில்லை, பாட்டு முன்னால் ஓடுகிறது, ஆர்மோனியம் பின்னால் ஓடுகிறது.

அம்மா முழங்காலில் வெகுநேரம் இருந்தாள். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். நடுவிரல் என் உள்ளங்கையில் பட்டது. கையை உடனே எடுத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

மாகறல் சித்தி போன். அவர்கள் பக்கம் அறுப்பு முடிந்ததாம். வைக்கோலுக்கு ஆள் இல்லையாம். பேசினது முழுக்க வைக்கோல்.

போர்டு விஷயத்தை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். விரல் அவளுடையது. அதைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதும் அவளுடையது. நான் யார்.

பிப்ரவரி 16, திங்கள்

ரசீது புத்தகம், ஒரு மஞ்சள் நீராட்டு விழா, ஒரு 'வீடு வாடகைக்கு'. நடுப்பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். பேட்டரி மாற்ற வேண்டும். கிரீஸ்!

போர்டை முடித்துவிட்டேன், துளை பற்றிய வரி இல்லாமல். அனுப்பவில்லை.

சாயந்திரம் அம்மா பால் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்குத்தான அடைக்கறாங்க?"

"ஆமா."

"அடைக்கறதுக்குள்ள நான் ஒரு தபா உள்ள போயிப் பாக்கணும்."

"இன்னாத்த பாக்கணும்?"

"அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா நாங்க எப்படித் தெரிஞ்சோம்னு."

பால் பொங்கி வழிந்தது. அம்மாவுக்குப் பால் பொங்கி நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினோம். தெருவைக் கடந்ததும் அம்மாவின் கால் தானாக இடது ஓரத்துக்குத் திரும்பியது. "அம்மா, இப்படி வா" என்று வாசல் பக்கம் தோளைத் தொட்டுத் திருப்பினேன். செருப்பைத் தெருவிலேயே விட்டாள்.

"செருப்போட வரலாம்மா" என்றார் பார்த்திபன் சார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன் வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். படியில் கால் வைக்கும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள்.

உள்ளே மர வாசனை, எண்ணெய் வாசனை. குமரேசன் ஓரப் பலகை அருகில் உட்கார்ந்து ஒட்டுவதற்கான தேக்குத் துண்டை இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர், பார்த்திபன் சாரின் அப்பா. எழுபத்தைந்து தாண்டியவர். காது நன்றாகக் கேட்கும். கை கொஞ்சம் நடுங்கும். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர்தான் துளை ஓரம் உட்காருவாராம். இது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துளைக்கு நேராகப் போனாள். குனிந்தாள். கண்ணை வைத்து வெளியே பார்த்தாள்.

"இன்னாடி இது" என்றாள், என்னிடம்தான். "ஒண்ணுமே தெரியல. தரையும் காலும்தான் தெரியுது. மூஞ்சே தெரியல."

பெரியவர் சொன்னார், சாதாரணமாக, உதவி செய்கிற மாதிரி: "முகம் தெரியாதும்மா. கை மட்டுந்தான் வரும். எல்லாக் கையும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

அம்மா நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒங்க கை தெரியும் மொதலாளி. இந்த வெரல்ல செவப்புக் கல்லு மோதரம். சுண்டு வெரல்ல நகம் வளத்துக்கினு இருந்தீங்க."

பெரியவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மோதிரம் எதுவும் இல்லை.

"கல்லு மேல ஏறி மிட்டாயி ஜாடியப் பாத்தேன். நீங்க மூடிய இழுத்து உட்டீங்க." நடுவிரலை நீட்டினாள். குரல் ஏறவே இல்லை. கடையில் பாக்கிச் சில்லறை கேட்கிற குரல்தான்.

பெரியவர் விரலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பார்த்திபன் சார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு நெனப்பில்லையேம்மா" என்றார் பெரியவர்.

பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"செரி மொதலாளி" என்றாள் அம்மா. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

குமரேசன் தேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையும் பார்த்திபன் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு வேணாம் குமரேசன்" என்றார் சார்.

வீட்டில், விளக்கு வைத்த பிறகு அம்மா சொன்னாள்: "அடைக்க வாணாம்னு சொல்லிடு."

"நீதான..."

"நான்தான் சொன்னேன். அவருக்கும் வெக்கமா இருக்கும், அதான் அடைக்கறாங்கன்னு நெனச்சிக்கினு சொன்னேன். அவருக்கு நெனப்பே இல்லடி. எனக்கு அறுவது வருசமா இந்த வெரல மறைக்க வேண்டியிருந்திச்சி. அவருக்கு ஒரு நாள்கூட இல்ல. அந்தப் பலகைக்கும் எனக்கும்தான் நெனப்பு கீது. நான் போய்ட்டா பலகை மட்டும்தான். அத்தையும் அடச்சிட்டா?"

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டாளா என்று கேட்டேன். போட்டுக்கொண்டாளாம்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கடை திறந்தேன். ஒரு வாடிக்கையாளர், "அக்கா, நெத்தில அழுக்கு" என்றார்.

பார்த்திபன் சாரிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவரே அதற்குத் தயாராகத்தான் இருந்தார். துளையை அடைக்க மாட்டாராம். ஆனால் போர்டில் எழுதவும் வேண்டாமாம்.

"திறப்பு விழாவுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க மேடம். அப்பாவுக்கும் வயசாயிடுச்சு. ஓட்டை இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு வாயால சொல்லிக்கலாம்."

"யாரு சொல்லுவா சார்?"

அக்ரிமென்ட் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கெட்ட ஆள் இல்லை. கெட்ட ஆளாக இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

அம்மாவிடம் சொன்னேன். "பாதி கெணறு" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

போர்டு அனுப்பிவிட்டேன். பித்தளை நிறப் பூச்சு, கறுப்பு எழுத்து. பர்மா தேக்கு, துரை, கிளி, யாளி. கடைசியில் ஒரு வரி அளவுக்கு இடம் காலியாக விட்டேன். சார் கவனித்துவிட்டார்.

"கீழ ஏன் மேடம் காலியா இருக்கு?"

"டிசைன் சார்."

என்னைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பகல் நேரத்து வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. இனி பனி கொஞ்ச நாள்தான். ஷட்டருக்கு ஒருவழியாக கிரீஸ் போட்டாயிற்று. எழுதி வைக்க வேண்டிய சாதனை.

பிப்ரவரி 22, ஞாயிறு

திறப்பு. வாழை மரம், நாதஸ்வரம், ரிப்பன். காபி வாசனை என் கடை வரை.

மாதா கோயிலில் பூசை முடிந்து அம்மாவை நேராக என் கடைக்குக் கூட்டி வந்தேன். ஞாயிறு என்றாலும் ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளி நல்லாத்தான் கீது" என்றாள்.

கூட்டம் வந்தது. முகப்பு முன்னால் நின்று போட்டோ. ஜன்னல் முன்னால் போட்டோ. அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று. கோயில் பார்க்க வந்த ஒரு ஜோடி. பையன் வெளியிலிருந்து துளைக்குள் கையை விட்டான். உள்ளே போன பெண் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி ஹாய் என்று சிரித்தாள். மூன்றாவது ஆள் படம் எடுத்தான். அதைப் பார்த்து அடுத்தவர்கள். கொஞ்ச நேரத்தில் அதற்கென்று ஒரு வரிசையே நின்றது. ஒருத்தி காசு வைக்கிற கல் மேல் ஏறி, துளையில் முகத்தை வைத்து நாக்கை நீட்டினாள்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை. அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. போர்டில் ஒரு வரி காலி.

அம்மா எழுந்தாள்.

"எங்கம்மா?"

"வாயால சொல்லிக்கலாம்னு சொன்னாருல்ல."

தெருவைக் கடந்தாள். இந்தத் தடவை கால் திரும்பவில்லை. முன் வாசலில் நுழைந்து, ஓரப் பலகை பக்கம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த கை உள்ளே வந்தபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே நின்றவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"உள்ள வாம்மா. இது இன்னா ஓட்டைனு சொல்றேன்."

நான் வாசலில் நின்று கேட்டேன். கல், காசு, தண்ணீர், மிட்டாய் ஜாடி, மூடி, விரல். அவள் நைனா மன்னிப்புக் கேட்டதையும் சொன்னாள். அதை எழுதக்கூட வேண்டாம் என்றவள், முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னாள். யாரும் படம் எடுக்கவில்லை.

ஒரு பெண் கேட்டாள்: "யாரும்மா மூடினது?"

எதிரே மாலையும் கழுத்துமாகப் பெரியவர். கையில் காபி டம்ளர். அம்மா அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"அப்ப கடைல இருந்தவங்க" என்றாள் அம்மா.

பெரியவர் அந்தக் காபியைக் குடிக்கவில்லை. ஆறி ஆடை கட்டிவிட்டது. பார்த்திபன் சார் என்னிடம் வந்து தணிந்த குரலில், "அம்மாவுக்குக் களைப்பா இருக்கும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா மேடம்?" என்றார்.

"களைப்பா இருந்தா அவங்களே சொல்லுவாங்க சார்" என்றேன். அக்ரிமென்ட் அப்போது நினைவுக்கு வரவே இல்லை. இதை எழுதும்போதுதான் வருகிறது.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்: "பேரைச் சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி பூடும். அவரு வாயால வரட்டும்."

"அவருக்குத்தான் நெனப்பில்லையே."

"நாளைக்கும் போயி உக்காருவேன். வருதா இல்லியானு பாக்கலாம்."

பிப்ரவரி 23, திங்கள்

பனி இல்லை. அம்மா எனக்கு முன்னாலேயே கிளம்பி நிற்கிறாள், அதே சேலை. நாஷ்டா வேண்டாமாம். "அந்தக் கடை எப்ப தொறப்பாங்க?"

ஒன்பது மணி இருக்கும். இறங்கினபோது எதிரே பலகைகளை இன்னும் கழற்றவில்லை. உள்ளே விளக்கு மட்டும். நான் ஷட்டருக்குச் சாவி எடுக்கிறேன். அம்மா தெரு நடுவில் நின்றுவிட்டாள்.

ஓரப் பலகையின் மூடி உள்ளிருந்து நகர்ந்தது. துளை வழியாக ஒரு கை வெளியே வந்தது. வயதான கை, நடுங்குகிறது. விரலில் சிவப்புக் கல் மோதிரம். விரல் வீங்கிப்போய் மோதிரம் முட்டியோடு நின்றுவிட்டது, கீழே இறங்கவில்லை. எந்தப் பெட்டியில் தேடி எடுத்தாரோ.

அம்மா பக்கத்தில் போனாள். குனியவில்லை.

"நெனப்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா." பலகைக்குப் பின்னாலிருந்து குரல். "ராவெல்லாம் தூங்கல. நான்தான். நான்தாம்மா மூடினேன்."

கை அங்கேயே இருந்தது, எதற்கோ நீட்டின மாதிரி. அம்மா அதைத் தொடவில்லை.

"உள்ள குந்திக்கினு சொல்லாதீங்க" என்றாள். "வாசலுக்கு வந்து சொல்லுங்க."

கை உள்ளே போனது. நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் முதல் பலகை காடியிலிருந்து கழல்கிற சத்தம்.